பார்க்க மட்டும் அனுமதி

ஆடி மாதம் முதல் தேதி காலையில் சிவகாசி வெள்ளிமலை காலண்டர்ஸின் பொது ஃபோல்டர் யாருக்கும் திறக்கவில்லை; திருவல்லிக்கேணிக் கிளைக்குத் திறக்கவில்லை, கோயமுத்தூர்க் கிளைக்குத் திறக்கவில்லை, நாகர்கோவில் கிளைக்கும் திறக்கவில்லை; திறந்து கொடுக்க வேண்டிய புஷ்பக்கனிக்கோ கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, புருஷன் தவசிலிங்கம் திருவல்லிக்கேணிக் கிளையில் இருந்தான், அவள் இங்கே அம்மா வீட்டில் இருந்தாள், எல்லாம் இந்த ஆடியால் வந்தது.

தலை ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அக்கினி நட்சத்திரத்து வெயிலில் தாயும் பிள்ளையும் வாடிப்போவார்கள் என்பார்கள். மற்ற அம்மாக்கள் இதை ஊருக்காகச் செய்வார்கள், நாலாம் நாள் மாப்பிள்ளை எட்டிப் பார்த்தால் பார்க்காததுபோல் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். செல்லத்தாய் அப்படிப்பட்ட அம்மா இல்லை. ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே சென்னைக்கு ரயிலேறிப் போய், மகளையும் மகளுடைய லேப்டாப்பையும் கையோடு கூட்டிவந்து, “ஆவணி ஒண்ணாந்தேதி அனுப்பி வைக்கேன் மாப்பிள்ளை, அதுவரைக்கும் போன்ல பேசிக்கோங்க” என்று சொல்லிவிட்டவள்.

முன்பெல்லாம் சர்வர் என்பது ஆபீஸ் பின்கட்டில் தனி அறையில், பீரோ உயரத்துக்கு, ஏசிக் குளிரில் உறுமிக்கொண்டு நிற்கும் இரும்புப் பெட்டி. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைப்பார்கள், பொரிகடலை படைப்பார்கள். போன வருஷம் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, விர்ச்சுவல் சர்வர் என்ற ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அதற்கு உடம்பு கிடையாது. அது எந்த ஊரில் இருக்கிறது என்று வாடகைக்கு விட்டவனுக்கே தெரியாது. முதலாளி ராஜகனி அண்ணாச்சி தட்டில் சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு, “கண்ணால பாக்க முடியாத பொருளுக்கு எந்த இடத்துலம்மா பொட்டு வைக்கிறது?” என்று புஷ்பக்கனியைக் கேட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டார். காலியான அறையில் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை, அதனால் யாரும் நிறுத்தவில்லை. பெண்கள் அங்கே மல்லிகைப்பூவையும் தோசை மாவையும் வாடாமல் புளிக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

காலண்டர் தொழிலில் இன்னொரு வழக்கமும் அந்த ஆபீஸுக்கு உண்டு. ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்கு முன்னோட்டமாக, ஆடி முதல் தேதி நல்ல நேரத்தில் கம்ப்யூட்டரின் தேதியை அடுத்த வருஷம் ஜனவரி ஒன்றுக்குத் தள்ளிவைத்து, மணியடித்து, தேங்காய் உடைத்து, புது வருஷத்து முதல் தாள் திரையில் எப்படி விடிகிறது என்று எல்லோரும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு, தேதியைத் திருப்பி வைத்துவிடுவார்கள். இந்த வருஷம் பெட்டி இல்லாததால் புஷ்பக்கனி விர்ச்சுவல் சர்வரின் தேதியையே தள்ளிவைத்தாள். மணி அடித்தது, தேங்காய் சரிபாதியாக உடைந்தது, “ஆகா!” என்று அண்ணாச்சி கையைத் தட்டினார், சர்க்கரைப் பொங்கல் குண்டான் வந்தது, எல்லோரும் இலைத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், அவளும் ஓடினாள். தேதி அங்கேயே நின்றுவிட்டது.

அதற்கப்புறம்தான் கிளைகளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. புஷ்பக்கனி வயரைப் பார்த்தாள், வழியைப் பார்த்தாள், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்த்தாள், ‘இருக்கிறேன்’ என்று அது பதில் சொன்னது. ஃபயர்வால் என்கிற காவல் சுவரைத் தாழ்த்திப் பார்த்தாள், பழைய கடவுச்சொற்களை அழித்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் திருவல்லிக்கேணிக்குப் போன் போட்டாள். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் தவசிலிங்கம் அவள் குரலுக்காகவே உட்கார்ந்திருந்தான்.

“சர்வர் பேருக்கு முன்னால ரெண்டு சாய்கோடு போட்டீங்களா?”

“போட்டேன்.”

“எந்தப் பக்கம் சாஞ்ச கோடு?”

“உன் பக்கந்தான் சாஞ்சிருக்கு.”

“வேலை நேரத்துல என்ன பேச்சு இது? என்ன சொல்லுது?”

“நீ யாருன்னு தெரியலை, உள்ள விடமாட்டேங்குது. உங்க அம்மா மாதிரியே கேக்குது புஷ்பா.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த அனுமதி விவகாரத்தில் இரண்டு அடுக்கு உண்டு, வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று. இரண்டில் எது கறாரானதோ அதன் பேச்சுதான் எடுபடும். வீட்டில் மகள் சரி என்றாலும் அம்மா கூடாது என்றால் கூடாதுதான், அதைப்போல. இரண்டு அடுக்கிலும் போய், யார் என்ன என்று கேட்கவே வேண்டாம், யார் வந்தாலும் விடு, முழு அனுமதி என்று புஷ்பக்கனி கோபத்தோடு போட்டுவிட்டு, “இப்பத் தட்டுங்க” என்றாள். அவன் தட்டினான். அந்தச் சத்தம் போனில் கேட்கவில்லை. பின்கட்டு ஏசி அறைச் சுவருக்குள்ளிருந்து கேட்டது.

போய்ப் பார்த்தால், தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு கதவு இருந்தது. பச்சைப் பெயிண்ட், பித்தளைக் கைப்பிடி, கொஞ்சம் எண்ணெய் கேட்கும் கீல். மாவுப் பாத்திரத்தை நகர்த்திவிட்டுத் திறந்தாள். உள்ளே ஜன்னல் இல்லாத நீளமான அறை, எங்கிருந்தென்று தெரியாத நல்ல வெளிச்சம், இரண்டு பக்கமும் அலமாரி, அலமாரியில் அட்டைக் கோப்புகள். ‘முருகன்’, ‘முருகன் புதுசு’, ‘முருகன் கடைசி’, ‘முருகன் கடைசி கடைசி’, ‘இதுதான் கடைசி அண்ணாச்சி ஓகே’. எதிர்க் கோடியில் இன்னொரு கதவு திறந்திருந்தது, அதன் வழியே திருவல்லிக்கேணி ஆட்டோக்களின் ஹாரன் சத்தம் வந்தது, அதை முதுகில் வாங்கிக்கொண்டு டீ கிளாஸோடு தவசிலிங்கம் நின்றான்.

“திறந்துருச்சுல்ல?” என்றாள்.

“திறந்துருச்சு. ரொம்பவே திறந்துருச்சு,” என்றான் அவன். டீ கிளாஸை வைக்க இடம் தேடி, ‘முருகன் கடைசி கடைசி’யின் மேல் வைத்துவிட்டு வந்தான்.

அந்தச் சந்தோஷத்தினூடேதான் அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே தினத்தாள் காலண்டர் ஒன்று தொங்கியது. அடுத்த வருஷம், ஜனவரி ஒன்று, மார்கழி மாதம். பார்த்தவுடனே அவளுக்குத் தேங்காய் உடைத்தது ஞாபகம் வந்தது, தேதியைத் திருப்பாதது ஞாபகம் வந்தது, இரண்டு பக்கத் தேதியும் ஒத்தால்தான் சர்வர் ஆளை நம்பும் என்பதால், யார் என்ன என்று அதற்கு ஏன் தெரியாமல் போனது என்பதும் விளங்கியது. சாயங்காலம் தனியாக உட்கார்ந்து சர்வர் தேதியை ஒரே ஒரு நாள் பின்னால் தள்ளிப் பார்த்தாள். கதவு ஒரு சாண் குறுகியது. பதறிப்போய் மறுபடி முன்னால் தள்ளினாள், கதவு பழையபடி அகலமானது. இரண்டு நிமிஷ வேலை. செய்தால் ஃபோல்டர் குணமாகும், கதவு போய்விடும், கதவோடு அவனும் போய்விடுவான். புஷ்பக்கனி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஊர் அந்தக் கதவை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ராஜகனி அண்ணாச்சி வந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார், “இதுக்கும் சேத்து வாடகை கேப்பானா?” என்று கேட்டார், கேட்கமாட்டான் என்றதும், “அப்பச் சரி. இப்பவாச்சும் அதுக்கு ஒரு நெத்தி கிடைச்சதே” என்று நிலைப்படியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினார். கோயமுத்தூர்க் கிளையின் மயிலாத்தாள், கணக்கு வழக்குகளில் கில்லாடி, பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்து, “ஏனுங்க, இது எங்க ஆபீஸ் பாத்ரூம் கதவுன்னு நெனச்சுத் தொறந்தனுங்க” என்று சொல்லிவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தாள். நாகர்கோவில்காரர்கள் மரச்சீனிக் கிழங்கோடும் மீன் குழம்போடும் வந்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. பொது ஃபோல்டர் என்றால் எல்லோரும் வந்துபோகிற இடம்தானே, வந்துபோகிறார்கள், அதிலென்ன இருக்கிறது என்று சிவகாசி பேசிக்கொண்டது.

அறைக்கென்று சில குணங்கள் இருந்தன. ஒரு தட்டுப் பக்கோடா வைத்தால் நான்கு கதவுக்காரர்களும் ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொள்ளலாம், முதல் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். வயிற்றுக்குள் போனது நிலைக்கும், அப்படிப் பெருகிய நகலைக் கையில் பிடித்து வெளியே கொண்டுபோனால் வாசற்படி தாண்டியதும் காணாமல் போகும். ஆகவே சாப்பாட்டு நேரத்தில் அறை நிரம்பி வழிந்தது. ஒருவர் கையில் இருக்கும் பொருளை அவர் விடுகிறவரை இன்னொருவர் தொட முடியாது. அண்ணாச்சி மறதியாக ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டால் நான்கு கிளைகளும் அவர் எழுந்திருக்கக் காத்துக்கிடந்தன. பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்கள் மட்டுமா, அச்சாபீஸ் தெருப் பெண்கள் கோயமுத்தூருக்கு அரைக்கீரை விதை கேட்டுப் போனார்கள், நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் பின்மதியங்களில் இரண்டு அம்மாக்கள் வந்தார்கள், திருவல்லிக்கேணி மெஸ் சாப்பாட்டால் இளைத்துப்போன பையன்களுக்குச் சதை பிடித்தது, மார்கழிக் கோலம் ஒன்றை யாரோ தரையில் போட்டார்கள், பூசணிப்பூகூட வைத்தார்கள், வெளியே ஆடிக் காற்று அம்மியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனது.

மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரவில்லையே என்று செல்லத்தாய் தூக்குவாளியோடு ஆபீஸுக்கு வந்தாள். பின்கட்டில் இருக்கிறாள் என்றார்கள். கதவைத் திறந்தாள். மாப்பிள்ளை மகளுக்கு மரச்சீனிக் கிழங்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

“அத்தை, வாங்க,” என்று தவசிலிங்கம் எழுந்தான். கிழங்கு அவன் கையிலேயே இருந்தது.

“மாப்பிள்ளை, நீங்க சிவகாசியில என்ன செய்றீக?”

“இது சிவகாசி இல்ல அத்தை. சென்னையும் இல்ல. இது சர்வர்.”

“சர்வரோ சப்பரமோ, ஆடியில எங்க இருந்தாலும் ஆடிதான்.”

“அத்தை, கொஞ்சம் சுவத்தைப் பாருங்க. இங்க ஆடியே இல்ல. மார்கழி.”

அறையிலிருந்த அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் செல்லத்தாயைப் பார்த்தார்கள். அவள் காலண்டர் தாளைக் கிட்டத்தில் போய்ப் படித்தாள், எமகண்டம் உட்பட.

“மார்கழின்னா மட்டும் யோகமா? எந்த வீட்டுல மார்கழியில பொண்ணை அனுப்பி வச்சாக? தை வரட்டும் மாப்பிள்ளை. தை பிறந்த அன்னிக்கு நானே இவ கையைப் பிடிச்சு உங்க கையில குடுக்கேன், இத்தனை பேரு சாட்சி. அதுவரைக்கும்...” என்று மகள் பக்கம் திரும்பினாள். “ஏ புள்ள, பாக்கலாம் தொடக் கூடாதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ உண்டுன்னு சொல்லுவியே, அதப் போடு.”

“அம்மா!”

“போடு.”

முழு அனுமதியைக் கொடுத்தவளே கணவன் பெயருக்கு மட்டும் ‘பார்க்க மட்டும்’ என்று போட வேண்டியதாயிற்று. ஆயிரம் பேர் விடு என்றாலும் ஒருவர் விடாதே என்றால் அந்த விடாதேதான் சர்வரில் ஜெயிக்கும். அந்த நிமிஷத்திலிருந்து தவசிலிங்கத்தால் அறையில் எதையும் அசைக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்தால் வரவில்லை, பக்கோடாவை எடுத்தால் தட்டோடு ஒட்டிக்கொண்டது, அவள் கையைத் தொடப் போனால் விரல்கள் ஒரு மயிரிழை தூரத்தில் நின்றுவிட்டன. பேசலாம், சிரிக்கலாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம். இருவருக்கும் நடுவில் செல்லத்தாய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்தாள்.

“இப்படிப் பாத்தா கண்ணு பட்டுரும் மாப்பிள்ளை,” என்பாள் அவ்வப்போது.

“பாக்கத்தான் அத்தை அனுமதி,” என்பான் அவன்.

புஷ்பக்கனிக்கு அழுகையாகவும் வந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பாகவும் வந்தது. அவன் வாயைத் திறந்துகொண்டு நிற்க, அவள் முறுக்கை மேலே தூக்கிப் போட, மூக்கில் பட்டுக் கீழே விழும், நாகர்கோவில் கைதட்டும். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை, கல்யாணத்துக்குப் பின்பு பேச நேரம் இருந்ததில்லை, இப்போது பேச்சைத் தவிர ஒன்றும் இல்லை என்றானதும், அவனுக்குப் பல்லிக்குப் பயம் என்பதும் பள்ளிக்கூடத்தில் நாடகத்தில் திரௌபதியாக வேஷம் போட்டவன் என்பதும் அவளுக்குத் தெரியவந்தது. அவன்மேல் அவளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

இதற்கிடையில் சுவர்க் காலண்டரின் தாள்கள் தினமும் காலையில் தாமாகவே கிழிந்து விழுந்தன. அதன் அர்த்தம் முதலில் மயிலாத்தாளுக்குத்தான் உறைத்தது. “ஏனுங்க செல்லத்தாயக்கா, இப்புடியே போனா வர்ற வாரம் பொங்கலுங்களே!” என்றாள். செல்லத்தாய் கையிலிருந்த பூண்டு கீழே விழுந்தது. அரை வருஷம் தள்ளி இருக்கிறது என்று நினைத்துச் சொன்ன தை, அரை மாதத்தில் வந்து வாசலில் நின்றது.

வந்தது. அன்று காலையில் தாள் கிழிந்தது, தை ஒன்று என்று சிவப்பு மையில் விடிந்தது. கோயமுத்தூர்க் கதவு வழியாக மஞ்சள் கொத்து வந்தது, திருவல்லிக்கேணிக் கதவு வழியாகக் கரும்பு வந்தது, ஆடியில் எந்தத் தோட்டத்தில் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டினார், பானை ஒன்றுதான் பொங்கியது ஆனால் நான்கு ஊருக்கும் பொங்கியது, “பொங்கலோ பொங்கல்!” என்ற சத்தத்தில் அலமாரியிலிருந்த அத்தனை முருகன்களும் ஆடினார்கள். சத்தம் அடங்கியதும் எல்லோருடைய கண்ணும் ஸ்டூலுக்குத் திரும்பியது.

செல்லத்தாய் எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

“உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா புஷ்பா,” என்றாள். “உங்கிட்டச் சொன்னதில்ல. எந்தலை ஆடியில உங்க அப்பா சாமி கும்பிடப் போறேன்னு வந்துட்டுப் போனாரு. சித்திரையில பிறந்தா. தகரக் கொட்டகை வீடு, கத்திரி வெயிலு, விசிறி பிடிச்சுப் பிடிச்சு எங்கையே மரத்துப்போச்சு. பேரு வைக்கதுக்குள்ள போயிட்டா. ஊருக்காக உன்னைய நான் பிரிச்சு வைக்கலம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

புஷ்பக்கனி அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதும், அந்த அக்காவின் வெக்கையில்தான் தன் அம்மா இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. “வேண்டாம்மா. ஆவணி வரட்டும், இருக்கேன்,” என்றாள், மனசாரத்தான் சொன்னாள்.

“சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல,” என்று செல்லத்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அந்த விடாதேயை எடு.”

எடுத்ததும் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தாள். விரல்கள் நின்றுவிடாமல் போய்ச் சேர்ந்தன. அவ்வளவுதான், நான்கு ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்ய முடியும்; கரும்பைத் தின்றார்கள். செல்லத்தாய் மட்டும் அதற்கப்புறம் ஸ்டூலை எடுத்துக்கொண்டு பின்கட்டு ஏசி அறையில் போய் உட்கார்ந்தாள். நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

“இது யாருக்காக இப்படி ஓடுது?” என்று அந்தப் பக்கம் வந்த அண்ணாச்சியைக் கேட்டாள்.

“யாருக்காகவும் இல்லம்மா. முன்ன சர்வருக்காக ஓடுச்சு. யாரும் நிறுத்தச் சொல்லல.”

“ம்,” என்றாள் செல்லத்தாய்.

மறுநாள் காரியம் தீபாவளியில் வந்து இடித்தது. ஆல்பத்தின் கடைசிப் பிரதியைப் பார்த்த அண்ணாச்சி, அடுத்த வருஷத் தீபாவளி ஒரு நாள் தள்ளிச் சிவப்பாகியிருப்பதைக் கண்டுபிடித்தார். புஷ்பக்கனி திருத்தினாள். அடுத்த நாள் காலையில் பழைய தப்பே திரும்ப வந்து நின்றது. மறுபடி திருத்தினாள், சற்று நேரத்துக்குள் மறுபடி வந்தது. அச்சு இயந்திரத்துக் கம்ப்யூட்டர் எது புதியதோ அதைத்தான் எடுக்கும். தப்பான தாள் அறைக்குள் கிடந்தது, அறைக்குள் தை மாதம், இன்று செய்த திருத்தமோ ஆடி மாதத்துப் பழசு. லட்சக்கணக்கான வீடுகளில் தப்பான நாளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். நாளை ஆடிப் பதினெட்டு, ஆல்பம் வெளியாக வேண்டும்.

ஒரு பக்கம் ஊர் முழுவதன் தீபாவளி, மறுபக்கம் பல்லிக்குப் பயந்த ஒரு மனுஷன். அன்று மத்தியானம் பக்கோடா வேளையில், அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது, எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

“தப்பு எம்மேலதான். சர்வர் தேதியத் திருப்பி வைக்க மறந்துட்டேன். திருப்பினா எல்லாம் சரியாயிரும், ஆனா கதவு போயிரும். மொத நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல.”

யாரும் அதிரவில்லை. பக்கோடா மொறுமொறுவென்று மெல்லப்படும் சத்தம்தான் கேட்டது.

“எனக்கும் தெரியுமுங்க,” என்றாள் மயிலாத்தாள். “நாம காலண்டர் கம்பெனிக்காரங்கதானுங்களே, சுவத்துல தேதியப் பாக்காமயா இருப்போம்?”

நாகர்கோவிலுக்கும் தெரிந்திருந்தது. மகளைப் பார்க்க வந்த இரண்டு அம்மாக்களுக்கும் தெரிந்திருந்தது. தவசிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு, “வந்த உடனே பாத்துட்டேன்,” என்றான். ராஜகனி அண்ணாச்சி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, “அந்தத் தேங்காய உடைச்சதே நான்தானம்மா” என்றார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் நிலைப்படியின் சந்தனம் உதிர்ந்தது.

கதவை மூடிவிடுவதென்று முடிவு பண்ணி, கடைசித் தட்டைக் காலி செய்தார்கள். அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு அவரவர் கதவுக்குப் போகும்படி புஷ்பக்கனி சொன்னாள். மூடுவதற்கு முன்னால் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் தொழில் மரியாதை. மயிலாத்தாள் முறுக்குச் சம்படத்தோடு கோயமுத்தூருக்குப் போனாள், போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாகர்கோவில் குழம்புச் சட்டியோடு போனது. தவசிலிங்கம் மனைவியின் கையை விடமுடியாமல் விட்டுவிட்டு, திருவல்லிக்கேணிக் கதவை நோக்கி நடந்தான். அவனுக்கு முன்னால் பூண்டுப் பையோடு செல்லத்தாய் நடந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, அது சென்னைக் கதவு!” என்று கத்தினாள் புஷ்பக்கனி.

“தெரியும். எனக்கும் தேதி பாக்கத் தெரியும், கதவு பாக்கத் தெரியாதா?” என்று செல்லத்தாய் நின்றாள். “ஆடியில பொண்ணைச் சென்னைக்கு அனுப்பக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கு. நான் போகக் கூடாதுன்னு யாரும் சொல்லல. கல்யாணத்தன்னிக்கு வாங்கிக் குடுத்த குக்கர் எந்தக் கதியில இருக்குன்னு போய்ப் பாக்கணும். மாப்பிள்ளை, வீட்டுச் சாவியக் குடுங்க.”

“அத்தை...”

“சாவி. ஆவணி ஒண்ணாந்தேதி வருவேன். நான் இல்லாத நேரத்துல யாரு என் வீட்டுக்கு வந்தா, எப்ப வந்தான்னு எனக்கென்ன தெரியும்?”

அவன் சாவியைக் கொடுத்தான். முழு அனுமதி இருந்ததால் கொடுக்க முடிந்தது. வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு செல்லத்தாய் அறையின் இந்தக் கோடியிலிருந்த அண்ணாச்சியைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: “அண்ணாச்சி, அந்தப் பின்கட்டு ஏசிய எவன் வந்து சொன்னாலும் நிறுத்தக் கூடாது. சித்திரை கழியுற வரைக்குமாச்சும்.” அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினார். திருவல்லிக்கேணிக் கதவு சாத்திக்கொண்டது. தவசிலிங்கம் திரும்பி, நடந்து, கடைசியில் ஓடி, சிவகாசிக் கதவு வழியாக வெளியே வந்தான். புஷ்பக்கனி தேதியைத் திருப்பி வைத்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சுவரில் தோசை மாவு சிந்திய கறை மட்டும் இருந்தது.

ஆடிப் பதினெட்டு அன்று ஆல்பம் வெளியானது. தீபாவளி சரியான நாளில் சிவந்திருந்தது.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. வேறெந்த மாதத்தில் பிறக்கும்? கத்திரி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த நாட்களில், வெள்ளிமலை காலண்டர்ஸின் பின்கட்டில், முன்பு வயர்கள் போன இரும்புச் சட்டத்தில் சேலைத் தொட்டில் கட்டி, ஏசிக் குளிரில் குழந்தை போர்வைக்குள் தூங்கியது. வாசலில் ஸ்டூல் போட்டு, ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஊரே வேர்வையில் குளித்துக்கொண்டிருக்க, செல்லத்தாய் ஜில்லென்று உட்கார்ந்திருந்தாள். கோயமுத்தூரிலிருந்து மயிலாத்தாள் பஸ்ஸில் வந்தாள், நாகர்கோவில்காரர்கள் ரயிலில் வந்தார்கள், ஒவ்வொருவரிடமும் செல்லத்தாய் கையைக் குறுக்கே நீட்டி ஒன்றையே சொன்னாள்: “பாக்க மட்டுந்தான். தொட அனுமதி இல்ல.”

ராஜகனி அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“நெத்தியில ஒரே ஒரு பொட்டும்மா. இந்த ரூமுக்கு நான் வைக்காத பொட்டா?”

“பாக்க மட்டுந்தான் அண்ணாச்சி.”

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளக்கூட மறந்து, தொட்டிலுக்கு மேலே குனிந்து பார்த்தார். யார் அனுமதி கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, குழந்தை போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, சந்தனம் அப்பிய அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் மெல்ல இழுத்துப் பார்த்தார், விடவில்லை. வெளியே போன் அடித்தது, ஆல்பம் பார்க்க வியாபாரி வந்திருப்பதாக யாரோ கூப்பிட்டார்கள்.

“அம்மா, எப்படி எடுக்கிறது?” என்று அண்ணாச்சி குனிந்தபடியே கேட்டார்.

செல்லத்தாய் தொப்பியைக் காதுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“ஒருத்தர் கையில இருக்கிறதை அவங்களா விட்டாத்தான் உண்டு. உங்களுக்குத் தெரியாததா?” என்றாள். “நில்லுங்க.”

அண்ணாச்சி நின்றார்.